பெயரும் பேரெழுத்தும்

(அகரமுதலி, கலைக்களஞ்சியம் தொகுப்போரிடையே ஆற்றிய உரை)



வானூர்தி நிறுவனங்களின் பெயர்களைத் தமிழ் நூல்களில் எங்ஙனம் எழுதுவது? இதுவா நமக்குத் தலையாய வினா என்று சிலர் நகைக்கலாம். நகைக்க வேண்டா. ஒரு நிறுவனத்தின் பெயரை மூவர் மூன்று வகையாக எழுதினால், கலைக்களஞ்சியத்தில் அது மூன்று நிறுவனமாகிவிடும். தேடி வரும் மாணவன் ஏமாந்து, தமிழில் பார்த்துப் பயனில்லை என்று ஆங்கில நூலை நாடுவான். பகைவர் ஆயிரம் மேடைகளில் பேசியும் செய்ய இயலாத கேட்டை நம் சோர்வே செய்து முடித்துவிடும்.

முதற்கண் ஆங்கிலத்தார் படும் பாட்டைப் பாருங்கள். அவர்கட்குப் பேரெழுத்து, சிற்றெழுத்து என இருவகை எழுத்துண்டு. சிறப்புப்பெயரைப் பேரெழுத்தால் தொடங்குவது அவர்தம் மரபு. ஆனால், 1995இல் இங்கிலாந்தில் தோன்றிய 'ஈசிசெட்டு' நிறுவனமோ தன் முதலெழுத்தைச் சிற்றெழுத்தாக்கி, நடுவெழுத்தைப் பேரெழுத்தாக்கிக் கொண்டது. 2006இல் பறக்கத் தொடங்கிய 'இண்டிகோ' முதலெழுத்தோடு நடுவெழுத்து ஒன்றையும் பேரெழுத்தாக்கியது. அமெரிக்காவின் 'தெல்டா' நிறுவனம் 'ஏர் லைன்சு' என்று இரு சொல்லாகப் பிரித்தெழுதும். அந்நாட்டின் 'அமெரிக்கன்' நிறுவனமோ 'ஏர்லைன்சு' என்று சேர்த்தெழுதும். செருமானியரின் 'உலுப்தான்சா' 1926இல் 'உலுப்து அன்சா' என இரு சொல்லாகத் தோன்றி, 1933இல் ஒரு சொல்லாயிற்று. இவற்றையெல்லாம் செப்பமாக எழுதுதற்கு அவர்கள் நடைக் கையேடுகளில் நெறி வகுத்து வைத்துள்ளனர்.

தமிழுக்கு இத்தொல்லை இல்லை. நம் எழுத்துகளுள் பெரிது, சிறிது என்னும் பிறப்பு வேற்றுமை கிடையாது! ஆயினும், பேரெழுத்து ஆங்கிலத்தில் செய்யும் பணி ஒன்றுண்டு. 'இது பொதுப்பெயரன்று, சிறப்புப்பெயர்' என்று அது காட்டிக் கொடுக்கிறது. அப்பணியை நாம் வேறு வழியால் செய்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் இரு சாரார் இருவகைப் பிழை செய்கின்றனர். ஒரு சாரார் உரோம எழுத்தை அப்படியே தமிழ் வரிக்குள் திணிக்கின்றனர்; அன்றேல் கிரந்த எழுத்தை அள்ளித் தெளிக்கின்றனர். தமிழுள் புகும் வடசொல் தன் எழுத்தை நீத்துத் தமிழெழுத்தை ஏற்க வேண்டும் என்று தொல்காப்பியர் நெறி வகுத்தார். வடசொல்லுக்கு வகுத்த நெறி ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் ஏன் தளர வேண்டும்?

மற்றொரு சாரார் நம்மவரே. ஆர்வ மிகுதியால் பெயரையே மொழிபெயர்த்து விடுகின்றனர். 'இண்டிகோ'வை 'அவுரி' என்றும், 'தெல்டா'வைக் 'கழிமுகம்' என்றும் எழுதினால் படிப்போர் எதை உணர்வர்? 'பிரிட்டிசு ஏர்வேசு' என்பதைப் 'பிரித்தானிய வானூர்தி நிறுவனம்' என்று பெயர்த்தால், 1974இல் அமைந்த அந்த ஒரு நிறுவனமா, அந்நாட்டின் ஏதேனும் ஒரு நிறுவனமா என்பது விளங்காது. ஆங்கிலத்தில் பேரெழுத்துக் காத்த வேறுபாடு தமிழில் அழிந்தொழியும். கயல்விழி என்னும் நம் பெண்ணை அயலான் ஒருவன் 'மீன்கண்' என்று தன் மொழியில் பெயர்த்தழைத்தால் நாம் பொறுப்போமா?

ஆகவே, நான்கு நெறிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: சிறப்புப்பெயரை மொழிபெயர்க்காது, அதன் ஒலியைத் தமிழெழுத்தில் அமைத்தெழுதுக.

இரண்டு: அதனையடுத்து 'வானூர்தி நிறுவனம்' என்னும் பொதுப்பெயரைச் சேர்க்க, முதன்முறை வருமிடத்து ஒற்றை மேற்கோட்குறி இடுக. பேரெழுத்தின் பணியை இவ்விரண்டும் செய்துவிடும்.

மூன்று: ஒரு நூலுள் ஒரு பெயருக்கு ஒரே வடிவம் கொள்க, பிற வடிவங்களின்கீழ் 'காண்க' என்னும் குறிப்புத் தருக.

நான்கு: நிகழ்ச்சி நடந்த காலத்தில் வழங்கிய பெயரையே எழுதுக. 1932இல் கராச்சியிலிருந்து அன்றைய பம்பாய்க்கும், அங்கிருந்து நம் சென்னைக்கும் அஞ்சல் சுமந்து வந்தது 'ஏர் இந்தியா' என்று எழுதுவது பிழை. அது தாட்டா நிறுவனத்தின் அஞ்சற் பறப்பு. 'ஏர் இந்தியா' என்னும் பெயர் 1946இல்தான் வந்தது. 1953இல் அது அரசுடைமையாயிற்று. 2022இல் மீண்டும் தாட்டா குழுமத்தின் கைக்குச் சென்றது.

இன்னுமொன்று. 1979இல் 'ஏர் இலங்கா' எனத் தொடங்கிய நிறுவனம் இன்று 'சிறீலங்கன்' என்னும் பெயரால் வழங்குகிறது. அப்பெயரை எழுதும் பழக்கத்தில் நாட்டின் பெயரையும் 'சிறீலங்கா' என்று எழுதிவிடுவோர் பலர். அந்நாட்டு அரசமைப்பின் தமிழ்ப் படியிலேயே நாட்டின் பெயர் 'இலங்கை' என்றுதான் உள்ளது! எனவே, 'இலங்கையின் சிறீலங்கன் வானூர்தி நிறுவனம்' என்றெழுதுக. நிறுவனத்துக்கு அதன் பெயர். நாட்டுக்கு நம் பெயர்.

தோழர்களே! தனித்தமிழ் என்பது பிறர் பெயரை அழிக்கும் வெறியன்று. நம் எழுத்தின் ஆட்சியைக் காக்கும் உறுதி. பிறர் பெயரைப் பிழையின்றி எழுதுகின்றவனுக்கே தன் பெயரைப் பிழையின்றி எழுதுக என்று கேட்கும் உரிமையுண்டு. நாளை நம் பிள்ளைகள் ஒரு வானூர்தி நிறுவனம் தொடங்கட்டும். அதற்கு நற்றமிழ்ப் பெயர் சூட்டட்டும். அன்று உலகத்தார் அப்பெயரைப் பெயர்க்காமல், சிதைக்காமல், தத்தம் எழுத்தில் எழுதக் கற்பர். அதற்கான முறைமையை இன்று நம் நூல்களில் நாமே தொடங்கி வைப்போம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!