ஆளே இல்லாத இடம்

(திருச்சியில் நடந்த ஒரு வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆய்வு அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆய்வேட்டின் கதையைத் தொடங்கினால் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவீர்கள். அதனால் ஒரு தீவைப் பற்றிப் பேசுகிறேன். ஆற்றுத் தீவு என்றதும் உங்களுக்கு ஸ்ரீரங்கம்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பாலம் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, டவுன் பஸ் இருக்கிறது. நான் சொல்லும் தீவில் இவை எதுவும் இல்லை. ஆனால் அதைச் சுற்றி ஓடும் தண்ணீர், திருமகூடலு நரசிபுராவில் காவிரியோடு கலந்து, மேட்டூர் வழியாக உங்கள் ஊருக்குத்தான் வருகிறது.

வயநாட்டில், கபினி ஆற்றுக்குள் இருக்கிறது குறுவா தீவு. சுமார் 950 ஏக்கர். ஒரே நிலத் துண்டு அல்ல. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடுவதால் உண்டான திட்டுகளின் கூட்டம். பசுமைமாறாக் காடு, மூங்கில், ஆர்க்கிட், பறவைகள். உள்ளே விடுதியோ சாலையோ குடியிருப்போ கிடையாது. மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். பாக்கம் பக்கமிருந்தோ பால்வெளிச்சம் பக்கமிருந்தோ ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும். நாங்கள் போனது மூங்கில் தெப்பத்தில். கரைக்குக் கரை கயிறு கட்டியிருந்தார்கள். தெப்பத்தில் நிற்கிறவர் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்கத் தெப்பம் நகரும்.

2023 டிசம்பரில் பல்கலைக்கழக நண்பர்கள் இரண்டு பேரோடு போனேன். ஆற்றின் நடுவில் வந்ததும் நண்பர் ஒருவர் சொன்னார்: "செமயா இருக்குல்ல? ஆளே இல்லாத எடம்." அவர் அதைச் சொன்னபோது, அவருக்கு இரண்டடி தூரத்தில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நானும் "ஆமா" என்றுதான் சொன்னேன். அதை மறைக்க விரும்பவில்லை. சமூக விலக்கம் பற்றி ஆய்வு செய்கிற நான் "ஆமா" என்றேன்.

சுற்றுலா விளம்பரங்களில் இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கை படாத இயற்கை. தீண்டாமை என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் கொஞ்சம் உறுத்த வேண்டும். யாருடைய கை படவில்லை? பட்ட கைகள் ஏன் கணக்கில் வரவில்லை?

இந்தத் தீவுக்கு மேலே, ஆறு வருகிற வழியிலேயே, மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு என்ற பகவதி கோயில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் பதினான்கு நாள் திருவிழா. இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம், அந்தத் திருவிழாவில்தான் ஜென்மிகள் பணியர்களையும் அடியர்களையும் ஓராண்டு வேலைக்குப் பிடித்தார்கள். முன்பணம் கொடுப்பார்கள். அடுத்த திருவிழா வரைக்கும் வேறு எங்கும் போகமாட்டேன் என்று அம்மன் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். பத்திரம் தேவையில்லை, போலீஸ் தேவையில்லை. சாமி பார்த்துக்கொள்ளும். அடியர் என்ற பெயரின் பொருளே அடிமை. அவர்கள் தங்களை ராவுளர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பணியர் என்றால் பணி செய்கிறவர். வேலையையே பெயராக வைத்து, அந்தப் பெயரையே சாதியாக்கிய ஊர் நம் ஊர்.

கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் பிரிவு 1950இலேயே வந்துவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது. சட்டம் வந்தபோது அவர்கள் கையில் நிலம் இல்லை. வயல் ஜென்மிக்கும் குடியேறிய விவசாயிகளுக்கும் போயிருந்தது, காடு வனத்துறைக்குப் போயிருந்தது. விடுதலை கிடைத்தது, நிற்க இடம் கிடைக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பக்கம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து மண்டபம் வழியாக வந்த குடும்பம். காட்டை அழித்துப் போட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பாட்டி கொழுந்து பறித்தார். கங்காணி அவரை எப்படிக் கூப்பிட்டார் என்று இந்தச் சபையில் சொல்ல முடியாது. அதே பாட்டி, லைன் வீட்டுக்கு விறகு கொண்டு வருகிற, தன்னைவிட மூத்த பணியர் அம்மாவை "ஏ பணிச்சி, இங்க வாடி" என்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அந்த அம்மா என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் பேச்சு எனக்கு ஓரளவு புரியும். அவர் பெயர் என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை எம்.ஏ. படிக்கும்போது வாசித்தேன். முதலில் ஞாபகம் வந்தது கங்காணி இல்லை, பாட்டிதான்.

திரும்பி வரும்போதும் அதே தெப்பம், அதே ஆள். கரையில் நின்றவரிடம் அவர் ஏதோ சொன்னார், பணியர் பேச்சு, எனக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, நான் பந்தலூர்" என்றேன். முகம் மாறியது. "அங்கதான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கு, மோளே" என்றார். மாநில எல்லை எங்களுக்குத்தான், அவர்களுக்கு அது சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் வழி. சின்ன வயதில் இந்தத் திட்டுகளில்தான் நண்டு பிடிப்பாராம், அம்மாவோடு வந்து கிழங்கு தோண்டுவாராம். எந்தத் திட்டில் எந்த மாதம் கால் வைக்கலாம், எந்த இடத்தில் யானை கடக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது தோண்ட முடியாது. தீவு மூடியிருக்கும் மாதங்களில் கூலியும் கிடையாது.

இதைக் கேட்டுவிட்டு, தீவைத் திறந்துவிடு, கட்டடம் கட்டு என்று நான் சொல்லவில்லை. விடுதிகள் வந்தால் முதலில் விரட்டப்படுவதும் அவர்கள்தான். 2024 பிப்ரவரியில் குறுவாவில் வேலை பார்த்த சுற்றுலாக் காவலர் ஒருவர் யானை தாக்கி இறந்தார். வயநாடே கொதித்தது. தீவு மாதக்கணக்கில் மூடப்பட்டு, அக்டோபரில் ஒரு நாளைக்கு 400 பேர் என்ற வரம்போடு திறந்தது. வரம்பு நல்லதுதான். அந்த மாதங்களில் வந்த செய்திகளை நான் தொடர்ந்து வாசித்தேன். வனத்துறை, சுற்றுலாத் துறை, நீதிமன்றம் எல்லாம் இருந்தன. கிராம சபை என்ற சொல்லைப் பார்த்த நினைவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், தீவுக்குச் சற்று மேலே கூடல்கடவுத் தடுப்பணையில், சுற்றுலா வந்த இரண்டு கூட்டத்துக்கு இடையே தகராறு. விலக்கப் போன ஆதிவாசி ஒருவரைக் காரில் வைத்தே பிடித்துக்கொண்டு, சில நூறு மீட்டர் தூரம் தார்ச்சாலையில் இழுத்துப் போனார்கள். அந்தக் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது எந்த ஊர் என்பதை எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று தெரியவில்லை. "அழகான ஆற்றங்கரை" என்று நாம் வரைபடத்தில் தேடிப் போகிற இடம்.

முத்தங்காவையும் சொல்ல வேண்டும். 2003 ஜனவரியில் சி.கே. ஜானு, கீதானந்தன் தலைமையில் நிலமற்ற ஆதிவாசிகள் அங்கே குடிசை போட்டார்கள். தைலமரம் நட்டு வறண்டு போயிருந்த இடம். பிப்ரவரி 19இல் துப்பாக்கிச் சூடு. ஆதிவாசி ஒருவரும் காவலர் ஒருவரும் இறந்தார்கள். சரணாலயத்தில் மனிதர்கள் குடியிருக்கக் கூடாது என்றார்கள். அதே சரணாலயத்துக்குள் டிக்கெட் எடுத்தால் ஜீப்பில் போய் வரலாம்.

2006 வன உரிமைச் சட்டம் காட்டைப் பாதுகாக்கும், நிர்வகிக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தருகிறது. வீட்டு மனைக்கு மட்டுமான சட்டம் அல்ல அது, சமூக வன வளத்துக்கான சட்டம். குறுவா மாதிரி ஒரு இடத்தில் எத்தனை பேர் வரலாம், எப்போது மூட வேண்டும், நுழைவுக் கட்டணம் எங்கே போக வேண்டும் என்பதை ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற பணியர், அடியர், காட்டுநாயக்கர் குடிகளின் சபை முடிவு செய்யட்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை. சூழலியல் பேசுகிற நண்பர்கள் இந்த இடத்தில்தான் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். "அவங்களுக்கு விட்டா காடு மிஞ்சுமா?" என்கிறார்கள். மிஞ்சியிருக்கிற காட்டின் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கரை நெருங்கும்போது அந்த அண்ணன் கேட்டார், "அங்க அக்கா வீட்டுக்குப் பட்டா கிடைச்சுதா?" கூடலூர், பந்தலூரில் நிலம் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் சிக்கலில் கிடக்கிறது. அதிலும் ஒரு 17ஆம் பிரிவுதான், நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு மாதிரி, இன்னும் முடியாத வழக்கு. அதையெல்லாம் அவருக்கு விளக்க நேரமில்லை. "இல்லண்ணே" என்றேன். தலையாட்டினார். தெப்பம் கரை தட்டிவிட்டது. அடுத்த கூட்டம் ஏறத் தொடங்கியது, அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.