பழைய வீட்டின் தரை



வீட்டைப் பழுது பார்க்கும் எண்ணம் எழுந்ததும் நாம் முதலில் சுவரை நோக்குகிறோம். பிறகே தரை கண்ணில் படுகிறது. “இந்தப் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக டைல்ஸ் பதித்துவிடலாமே” என்கிறார் வீட்டில் ஒருவர்; ஏனையோரும் இசைகின்றனர். சுவரின் வண்ணம் பிடிக்காவிடின் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். பெயர்த்தெறிந்த தரையை மீட்க இயலாது. ஆதலின், கடப்பாரை வீட்டினுள் நுழையுமுன் ஆராய வேண்டியவை சிலவற்றை இன்று காண்போம்.

பிற மாநிலங்களில் தமிழர்கள் திரளாகக் குடியேறிய பகுதிகள் சில, ஒரு காலத்தில் நகரின் புறத்தே திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியதன் விளைவாக, 1898-இல் நகரச் சீரமைப்பு டிரஸ்டு நிறுவப்பட்டது. மாதுங்காவின் அகன்ற சாலைகள் அதன் திட்டத்தில் உருவானவை. கல்கத்தாவிலும் 1912-இல் அத்தகைய டிரஸ்டு ஒன்று ஏற்பட்டு, நகரின் தென்பகுதியைச் சீரமைத்தது. நம்மவர் நன்கறிந்த லேக் மார்க்கெட் வட்டாரம் அப்பகுதியைச் சேர்ந்ததே. 1930-களிலும் 1940-களிலும் எழுந்த கட்டடங்கள் பல இவ்விரு நகரங்களிலும் இன்றும் நிற்கின்றன.

இவ்வீடுகளில் பெரும்பாலும் மூவகைத் தரைகளைக் காணலாம். முதலாவது, பூ வேலைப்பாடு கொண்ட சிமெண்டு ஓடு. இது சூளையில் சுடப்படுவதன்று. வண்ணச் சிமெண்டை அச்சில் வார்த்து, அழுத்தி, நீரில் பதப்படுத்திச் செய்வது. மும்பையில் 1922-இல் தோன்றிய பாரத் டைல்ஸ் நிறுவனம் சுதேசி உணர்வோடு இத்தொழிலில் இறங்கியது. நம் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் இதே இனத்தைச் சார்ந்தது. இரண்டாவது, கல்கத்தா வீடுகளில் கறுப்புக் கரையிட்டு மிளிரும் சிவப்புச் சிமெண்டுத் தரை; நம் ஊரில் ரெட் ஆக்சைடு என்போம். மூன்றாவது, சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து தேய்த்த மொசைக்.

தரை மங்கியிருப்பது வேறு. தரை கெட்டிருப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணராமையாலேயே பெரும்பொருள் வீணாகிறது. மங்கல் மேற்பரப்பின் குறை. கேடு என்பது அடித்தளத்தின் நோய். அதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு மரக்கட்டையால் அறை முழுவதும் மெல்லத் தட்டிச் செல்லுங்கள். கனத்த ஒலி எழுந்தால் தரை அடியோடு பற்றியிருக்கிறது. பொள்ளலாக ஒலித்தால் பிடிப்பு விட்டிருக்கிறது. ஈரத்தை அறிய, ஒரு முழச் சதுரமுள்ள பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஒரு நாள் விட்டுவைத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தால், கீழிருந்து ஈரம் ஏறுகிறதென்று கொள்ளலாம். அந்த ஈரத்தின் வழியை அடைக்காமல் எத்துணை விலையுயர்ந்த கல்லைப் பதித்தாலும், அதுவும் நாளடைவில் பிடிப்பிழக்கும்.

அடித்தளம் உறுதியாயின், மெருகேற்றுவதே போதும். மொசைக் தரையின் குழிகளை அதே நிறச் சிமெண்டுக் குழம்பால் அடைத்து, அது இறுகியபின் பாலீஷ் இயந்திரத்தால் கரட்டுக் கல்லில் தொடங்கி மென்கல் வரை படிப்படியாகத் தேய்த்தால், பழைய பொலிவு மீளும். பூ ஓட்டையும் சிவப்புத் தரையையும் அவ்வாறு ஆழத் தேய்த்தல் தகாது. அவற்றின் வண்ணம் மேலே சில மில்லிமீட்டர் அளவிற்கே உள்ளது. கறையை மென்மையான சோப்பு நீரால் நீக்கி, நன்கு உலர்த்தி, மெழுகிட்டுத் துடைப்பதே அவற்றுக்கு உரிய முறை. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இம்மூவகைத் தரைகளிலும் ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அது அழுக்கோடு சிமெண்டையும் சலவைக்கல்லையும் அரித்துவிடும்.

அடித்தளம் அமிழ்ந்து, ஓடுகள் பரவலாக ஆடுமாயின், மாற்றுவதே முறை. அப்போதும் முழு ஓடுகளைச் சேதமின்றிக் கழற்றி எடுத்துவைத்தால், ஓர் அறைக்காவது அவை பயன்படும். பழைய தரையின்மேலேயே புதியதைப் பதிப்பது எளிது என்பர் சிலர். ஆனால் தரை உயர்ந்தால் கதவுகளைச் சீவ நேரும். குளியலறையின் படிவரம்பு தாழ்ந்து, நீர் கூடத்துக்கு வரும். எடையையும் எண்ணுங்கள். 100 சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குலக் கலவையும் அதன்மேல் 10 மில்லிமீட்டர் டைல்ஸும் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டும். பழைய கட்டடத்தின் மாடி அதைத் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர்தாம் கூற வேண்டும்.

அடுக்குக் குடியிருப்பில் நம் தரை பிறர் வீட்டுக்குக் கூரை. குளியலறைத் தரையைப் பெயர்க்கையில் நீர்க்காப்புப் படலம் சிதைந்தால், கீழ்வீட்டார் துன்புறுவர். ஆதலின் சொசைட்டியின் அனுமதியைப் பெற்று, கீழ்வீட்டாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டே வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

மற்றும் இரண்டு செய்திகள் மனித உயிரைப் பற்றியவை. கல்லையும் சிமெண்டையும் உலர்ந்த நிலையில் அறுத்தாலும் தேய்த்தாலும் எழும் நுண்தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் தீராநோயை விளைவிக்கும். நாளெல்லாம் அத்தூசியில் உழல்பவர் நம் வீட்டில் வேலை செய்யும் தொழிலாளி. நீர் ஊற்றியே தேய்க்கச் சொல்வதும், தக்க முகக்கவசம் அளிப்பதும் நம் கடமை. அடுத்து, கண்ணாடிபோல் பளபளக்கும் டைல்ஸ் நீர் பட்டால் வழுக்கும். ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் முதிய பெற்றோர்க்கு ஒரு வழுக்கல் இடுப்பெலும்பை முறித்துவிடக்கூடும். அவர்கள் நடமாடும் இடத்திற்குச் சொரசொரப்பான கல்லே ஏற்றது.

புதுமை வேண்டாமென்று நாம் கூறவில்லை. தட்டிப் பார்த்து, ஈரத்தைச் சோதித்து, உறுதியானதைப் போற்றி, கெட்டதை மட்டும் மாற்றுவோமாயின், கைப்பொருளும் மிஞ்சும்; அடுத்த தலைமுறை கோலமிடவும் நல்லதொரு தரை எஞ்சும்.