பெயருக்குப் பின்னால்

‘மனிதரின் பெயர்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்று மிஷேல் லெக்லேரின் நெறியாள்கையில் 2010இல் வெளிவந்தது. நாயகி பஹியா அல்ஜீரியத் தந்தையின் மகள். வலதுசாரிகளைக் காதலித்தே இடதுசாரிகளாக்கப் புறப்பட்டவள். நாயகன் ஆர்தர் மார்த்தனோ ஏற்கெனவே சோசலிசத் தலைவர் ஜொஸ்பானின் ஆதரவாளன். அவனை மாற்ற வேண்டியதில்லை. ஆனால், அவனது யூதப் பாட்டனும் பாட்டியும் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டவர்கள். வீட்டில் எவரும் அதைப் பேசுவதில்லை.

விருந்துக்கு வரும் பஹியாவிடம் அந்தப் பேச்சே வேண்டாமென்கிறான் ஆர்தர். விலக்க விலக்க, அதே சொற்கள் அவள் நாவில் வந்து விழுகின்றன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். மறுகணம் நெஞ்சு கனத்தது. அரசியலை வாதாடி மாற்றலாம். ஒரு குடும்பத்தின் மௌனத்தோடு எப்படி வாதாடுவது? பொறுத்திருந்து அதனருகே அமரத்தான் வேண்டும். காதலுக்கு அதுவே கடினமான வேலையென்று எனக்குப் படுகிறது.