சப்பாத்து இல்லாத விங்கர்



பப்பினோ வீதியில், பழைய மிரோன் கற்குழிப் பக்கமாக, 2015 இல் திறந்த உள்ளரங்க உதைபந்தாட்ட மைதானத்தை எங்கள் செயின்ட்-மிஷேல் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். சப்பாத்து வாங்கிக் கொடுத்தே களைத்துப்போன பெற்றோருக்கும் தெரியும். ஸ்கொட்லாந்தின் பெரிய கழகமான செல்ரிக்குக்குச் சப்பாத்தே இல்லாமல் விளையாடிய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பெயர் முகமது சலீம். 1904 இல் கல்கத்தாவில் மெட்டியாபுரூஸ் என்ற இடத்தில் பிறந்தவர். வலது கோட்டோரமாகப் பந்தைக் கொண்டோடும் விங்கர். கல்கத்தா லீக்கை 1934 வரை இந்தியக் கழகம் எதுவும் வென்றதில்லை. அந்த வருடம் வென்ற முகமதன் ஸ்போட்டிங், தொடர்ந்து ஐந்து வருடம் வென்றது. அந்த அணியில் சலீமும் இருந்தார்.

1936 இல் ஹாஷிம் என்ற உறவினர் அவரைக் கிளாஸ்கோவுக்கு அழைத்துப்போய், செல்ரிக் முகாமையாளர் வில்லி மேலியிடம் பேசினார். வெறுங்காலோடு விளையாடுவாராம் என்றதும் மேலிக்குச் சிரிப்பு. ஆனாலும் ஒருமுறை விளையாடிக் காட்டச் சொன்னார். பார்த்தபின் சிரிப்பு நின்றது. பயிற்சியாளர் ஜிம்மி மக்மெனமி சலீமின் காலுக்குத் துணி சுற்றிவிடும் படம் இன்றும் இருக்கிறது.

விளையாடியவை இரண்டே போட்டிகள். ஹமில்ற்றனை 5-1, கல்ஸ்ரனை 7-1 என்று செல்ரிக் வென்றது. முதலாம் அணியின் போட்டிகள் அல்ல, இரண்டாம் அணியின் அலையன்ஸ் போட்டிகள். அதை மறைக்கத் தேவையில்லை. பத்திரிகை ஒன்று அவரை இந்திய வித்தைக்காரர் என்றது. பாராட்டோ பகிடியோ, இரண்டும் கலந்திருக்கும்.

பிறகு ஊர் நினைவு வந்துவிட்டது. கழகம் மறித்தும் கேளாமல் திரும்பிவிட்டார். நல்ல வாய்ப்பை விட்டுவிட்டாரே என்று சிலர் சொல்வார்கள். போவதற்கு ஊரும் வீடும் அப்படியே இருந்தன, போனார். எனக்கு அதில் பொறாமைதான்.

அவரை நிற்கவைக்க நன்கொடைப் போட்டி ஒன்று வைத்து, வசூலில் 5 சதவீதம் தருவதாகக் கழகம் சொன்னதாம். அவர் அதை அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம், 1,800 பவுணாம். கதை நல்லது, கணக்குத்தான் இடிக்கிறது. அப்படியானால் மொத்த வசூல் 36,000 பவுண். பவுணுக்கு 20 ஷில்லிங். தலைக்கு ஒரு ஷில்லிங் என்றால் 720,000 பேர் வந்திருக்க வேண்டும். கிளாஸ்கோவில் பாதிக்கு மேல்! கொடுத்த மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. தொகைதான் சொல்லச் சொல்லப் பெருத்திருக்கிறது.

சலீம் முதுமையில் நோயுற்றபோது மகன் ரஷீத் செல்ரிக்குக்குக் கடிதம் எழுதினார். காசு கேட்டு அல்ல, தகப்பனின் பெயர் அங்கே இன்னும் நினைவில் இருக்கிறதா என்று அறியத்தான் எழுதியதாகப் பின்னர் சொன்னார். பதிலோடு 100 பவுண் காசோலையும் வந்தது. சலீம் 1980 இல் காலமானார். மகன் அந்தக் காசோலையை மாற்றவே இல்லை, பத்திரமாக வைத்துக்கொண்டார்.

எங்கள் தொழிலில், ஆறு மாதம் கடந்தும் மாற்றாத காசோலையைத் திருப்பி எழுதிவிடுவோம். செல்ரிக்கின் கணக்காளர் அந்த 100 பவுணை எந்தப் பக்கத்தில் எழுதி முடித்தாரோ.