அரண்மனை வைத்தியர் மனுச்சி: நம்பிக்கை எனும் அமானத்

(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

  

வண்டலூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே செல்லும்போது பரங்கிமலையை நாம் கடந்து செல்கிறோம். மொகலாய இளவரசரின் அரண்மனையில் வைத்தியராக இருந்த ஒரு வெளிநாட்டவர் தமது முதுமையில் அம்மலைப் பகுதியில் வீடு அமைத்து வாழ்ந்தார் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். அவர் இத்தாலியின் வெனிஸ் நகரத்தைச் சேர்ந்த நிக்கோலா மனுச்சி.

1638 வாக்கில் பிறந்த அவர், சிறுவனாகவே கப்பலில் ஒளிந்து ஊரை விட்டுப் புறப்பட்டார். 1656 இல் சூரத்தில் வந்திறங்கினார். அவரை அழைத்து வந்த ஆங்கிலப் பிரபு வழியிலேயே இறந்துவிட, ஆதரவற்ற அவ்விளைஞரை இளவரசர் தாரா ஷுகோ மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் தம் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டார். 1658 இல் சாமூகர் போரில் தாரா தோற்ற பின்னரும் மனுச்சி அவரைக் கைவிடவில்லை. பின்னர் ஒளரங்கசீப்பின் படையில் சேரவும் அவர் மறுத்துவிட்டார்.

அன்பர்களே! மனுச்சி எந்த மருத்துவக் கல்விக்கூடத்திலும் முறையாகப் பயின்றவரல்லர். பரங்கியர் என்றாலே வைத்தியம் அறிந்தவர் என மக்கள் எண்ணிய காலம் அது. லாகூரில் சிலர் குணமடையவே அவர் பெயர் பரவியது. 1678 வாக்கில், இளவரசர் ஷா ஆலமின் துணைவியார் ஒருவரின் காதுக் கட்டியைக் குணப்படுத்தி, அவ்வரண்மனையின் வைத்தியரானார். இந்த ஷா ஆலமே பிற்காலத்தில் முதலாம் பகதூர் ஷா என்ற பெயரில் அரியணை ஏறியவர்.

அந்தப்புரத்திற்குள் செல்லும் வைத்தியரின் தலையைத் துணியால் மூடி, காவலர்கள் வழிநடத்திச் செல்வது வழக்கம். திரைக்கு வெளியே நீட்டப்படும் கையைத் தொட்டே நாடி பார்க்க வேண்டும். சில காலத்திற்குப் பின், துணி வேண்டாம், முகம் திறந்தே வரலாம் என ஷா ஆலம் அனுமதித்ததாக மனுச்சியே எழுதியுள்ளார். வேற்று நாட்டவர், வேற்று மதத்தவர். அவர் மீது வைக்கப்பட்ட நம்பிக்கையின் உயரத்தை எண்ணிப் பாருங்கள்!

ஆயினும் அரசவைப் பணி பொற்கூண்டாகவே இருந்தது. விரும்பியபோது விலக இயலவில்லை. இறுதியில் கோல்கொண்டா வழியாகத் தப்பி, 1686 இல் மதராசப்பட்டினம் வந்து சேர்ந்தார். இங்கேயே திருமணம் செய்து, வைத்தியமும் பார்த்தார். பாரசீக மொழியும் தர்பார் மரபும் அறிந்தவர் என்பதால், 1701 இல் கவர்னர் தாமஸ் பிட் அவரை நவாப் தாவூத் கானிடம் தூது அனுப்பினார். 1717 வாக்கில் அவர் காலமானார்.

அவர் எழுதிய மொகலாய வரலாற்றை 1907-08 இல் வில்லியம் இர்வின் ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் கண்டதும் உண்டு, கேட்டதும் உண்டு. பிரித்தறிந்தே படிக்க வேண்டும்.

இவ்வரலாற்றில் நமக்கு இரு படிப்பினைகள் உள்ளன. ஒன்று, நோயுற்றவர் நாட வேண்டியது திறமையையும் நாணயத்தையுமே. வைத்தியரின் ஊரையோ மதத்தையோ அல்ல. மற்றொன்று, மனுச்சிக்குக் கைகொடுத்த வாய்ப்பு எல்லோருக்கும் வழிகாட்டியாகாது. கல்லாது வைத்தியம் செய்து தீங்கு விளைவிப்பவரே அதற்குப் பொறுப்பாளி என்பது நம் மார்க்கத்தின் தீர்ப்பு. பட்டமில்லாதவரிடம் ஊசி போட்டுக்கொள்வதும், யாரோ சொன்ன மருந்தைக் குழந்தைக்குக் கொடுப்பதும் நம் மஹல்லாவில் நின்றாக வேண்டும். மருத்துவம் பயில விரும்பும் நம் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமின்றி, ஜமாஅத் தோள்கொடுக்க வேண்டும். திரைக்கு அப்பாலிருந்து நீட்டப்பட்ட அந்தக் கை ஓர் அமானத். இன்று மருத்துவமனையில் நீட்டப்படும் ஒவ்வொரு கையும் அவ்வாறே.

நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், வைத்தியம் செய்வோருக்கு நேர்மையையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.