சட்டப் பட்டம் கையில், பாதி வழி பாக்கி



ஈப்போ வட்டாரத்தில் வழக்கறிஞர் என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் சகோதரர்கள் இருவரும் வழக்கறிஞர்கள். இருவரும் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர்கள். 1969-இல் மறைந்த டி.ஆர். பெயரில் ஈப்போவில் ஒரு பூங்காவே இருக்கிறது. அந்தத் தலைமுறையில் சட்டம் படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டும். பால்மரக் காட்டில் விடிவதற்கு முன் வெட்டுக்குப் போன குடும்பங்களுக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை தொடங்கியதே 1972-இல்தான்.

இன்று நிலைமை வேறு. குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பா லோரி ஓட்டுகிறார். மகள் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டாள். "அப்பா, நான் லோயருக்குப் படிக்கிறேன்" என்கிறாள். அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. தனியார் கல்லூரியின் கட்டண அட்டையை வாங்கி, மூன்று வருடத்துக்கு எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கிறார். சேமநிதியில் கொஞ்சம், கல்விக் கடன் கொஞ்சம், அம்மாவின் நகை கொஞ்சம். கணக்கு எப்படியோ சரிக்கட்டி வருகிறது.

தவறு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மூன்று வருடம் கட்டி முடித்தால் கையில் கிடைப்பது சட்டப் பட்டம். அது வழக்கறிஞர் தொழிலுக்கான உரிமை அல்ல.

மலேசியாவில் யார் வழக்கறிஞராகலாம் என்பதை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் முடிவு செய்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், வட மலேசியப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுக் கூடங்களில் சட்டம் படித்தவர்கள் மேலும் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டியதில்லை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கிருந்தோ அங்கு போயோ பெற்றவர்களின் கதை வேறு. அவர்கள் அங்கேயே பாரிஸ்டர் தகுதி பெற வேண்டும். அது பெரும் செலவு. இல்லையேல் சி.எல்.பி. எனப்படும் தேர்வை எழுத வேண்டும். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தை வேலை பார்த்துக்கொண்டே, இரவில் கண்விழித்துப் படித்து முடித்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் இந்நாட்டில் ஏராளம். அவர்களும் இந்த வாசலைத்தான் கடந்தார்கள்.

சி.எல்.பி. 1984 முதல் நடந்து வருகிறது. பொதுத் தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை என ஐந்து தாள்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளும் இதில் சறுக்குகிறார்கள். காரணம் சோம்பல் மட்டுமல்ல. மூன்றாண்டு ஆங்கில நாட்டுச் சட்டம் படித்தவர், இங்கே வந்தவுடன் மலேசியச் சட்டத்தை ஏறத்தாழ முதன்முறையாகச் சந்திக்கிறார். அங்கே படித்த நிலச் சட்டம் வேறு, இங்குள்ள 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் வேறு. இங்குள்ள தண்டனைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் மூலம் லண்டனில் இல்லை. வெள்ளையர் இந்தியாவுக்கு எழுதிய 1860, 1872-ஆம் ஆண்டுச் சட்டங்களே இங்கு வந்து சேர்ந்தன. (இந்தியாவே 2024 ஜூலையில் அவற்றைக் கைவிட்டுப் புதுச் சட்டங்களுக்கு மாறிவிட்டது; மலேசியாவில் பழைய மரம் அப்படியே நிற்கிறது.) ஆகவே, வெளிநாட்டுப் பட்டம் படிக்கும் மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே மலேசியச் சாட்சியச் சட்டத்தை ஒரு பக்கம் வாசித்து வைத்தால், பின்னால் மூச்சுத் திணறாது.

சி.எல்.பி. தயாரிப்புக்கும் தேர்வுக்கும் ஏறக்குறைய ஓராண்டு போகும். அதற்கும் கட்டணம், அதற்கும் சாப்பாடு, வாடகை. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. அந்த மூத்தவர் குறைந்தது ஏழு ஆண்டு தொழில் செய்தவராக இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் சிறப்பு அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்கக் கூடாது. பகலில் பயிற்சி, இரவில் கடை வேலை என்று ஓட்டிவிடலாம் என்று எண்ணும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதம் கழிந்ததும் சில நீதிமன்றங்களில் சில காரியங்களுக்கு எழுந்து நிற்க அனுமதி கேட்கலாம். ஒன்பது மாதமும் முடிந்து, உயர் நீதிமன்றம் மனுவை ஏற்ற பிறகுதான் கறுப்பு அங்கி.

ஆக, எஸ்.பி.எம். முடித்த நாளிலிருந்து எண்ணினால் ஆறு, ஏழு ஆண்டுகள். லோரி ஓட்டும் அப்பா முதல் நாளே இந்த முழுத் தூரத்துக்கும் கணக்குப் போட வேண்டும். மூன்றாம் ஆண்டோடு பணம் தீர்ந்துபோய், பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, வேறு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் வருத்தம் வெளியே தெரிவதில்லை. இந்த நோக்கில் பார்த்தால், எஸ்.டி.பி.எம். படித்து உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிப்பது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பது விளங்கும். படிவம் ஆறு என்றாலே முகம் சுளிப்பது வீண் பெருமை. தனியார் கல்லூரிதான் என்று முடிவானால், பட்டம் தரும் பல்கலைக்கழகமும் படிக்கும் முறையும் தகுதி வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவையா என்று வாரியத்திடமே கேட்டறிய வேண்டும். கல்லூரி முகப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பி சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது.

மொழி விஷயத்தையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் நீதிமன்றத்தின் மொழி தேசிய மொழி. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மலாயில் தயங்கித் தயங்கிப் பேசும் வழக்கறிஞரை நம்பிக் கட்சிக்காரர் எப்படி நிம்மதியாக இருப்பார்?

ஒரு சொல்லைக் கவனமாகப் படிப்பது என்ன செய்யும் என்பதற்கு ஈப்போவிலேயே சாட்சி இருக்கிறது. 2009-இல் மழலையர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளும் அவர் சம்மதமின்றி, தந்தையால் மதம் மாற்றப்பட்டனர். 2013 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் மதத்தைப் பெற்றவர் முடிவு செய்யலாம் என்கிறது அரசியலமைப்பின் 12(4) பிரிவு. ஆங்கில வாசகத்தில் அந்தச் சொல் ஒருமையில் இருக்கிறது. ஒருவர் போதுமா, தாய் தந்தை இருவரும் சம்மதிக்க வேண்டுமா? ஒருமை பன்மையையும் குறிக்கும் என்ற விளக்க விதி, தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தரும் சட்டம், இவற்றையெல்லாம் வைத்து நடந்த வாதம் அது. முதலாண்டு மாணவர் தூக்கம் வருகிறது என்று தள்ளிவைக்கும் அரசியலமைப்புப் பாடமும் நிர்வாகச் சட்டமும்தான் அங்கே ஒரு தாய்க்கு ஆயுதமாயின. தீர்ப்பு வந்த பின்னும் கடைசி மகளுக்காக அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார் என்பதும் மாணவர் அறிய வேண்டிய உண்மை. தீர்ப்பு வேறு, அது நிறைவேறுவது வேறு.

எல்லாரும் வாதாடும் வழக்கறிஞராக வேண்டும் என்பதில்லை. அரசாங்க நீதி, சட்டச் சேவையில் சேர்ந்தால் துணை அரசாங்க வழக்கறிஞர், மாஜிஸ்திரேட் ஆகலாம். வங்கி, காப்புறுதி நிறுவனங்களிலும் சட்டம் படித்தவர்களுக்கு வேலை உண்டு. இவற்றில் பலவற்றுக்குக் கறுப்பு அங்கி தேவைப்படாது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு காலைப் பொழுதை அப்பாவும் மகளும் செலவழிக்கலாம். குனோங் ராபாட்டிலிருந்து ஈப்போ நீதிமன்றம் அதிகத் தூரமில்லை. திறந்த நீதிமன்றத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம், கட்டணம் கிடையாது. கைத்தொலைபேசியை அடைத்துவிட்டு, உள்ளே நுழையும்போது தலைவணங்கி, பின் வரிசையில் உட்கார்ந்தால் போதும். மாஜிஸ்திரேட் முன் ஒரு தமிழ்ப் பையன் கைவிலங்கோடு நிற்பான். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசிப்பார். புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவான். புரியாமலே ஆட்டுகிறான் என்பது பின் வரிசைக்குத் தெரியும். 2012 முதல் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இப்படிப்பட்டவர்களுக்குக் கட்டணமின்றி உதவி வருகிறார்கள். அன்று அப்படி ஒருவர் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றால், மகள் அவரைக் கவனித்துப் பார்க்கட்டும். வீடு திரும்பும் வழியில் அப்பா அவளிடம் மறுபடி கேட்கலாம்.