மீன் தொட்டியில் கடல் சாமந்தி: வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பார்க்கிங், குப்பை, தண்ணீர் லாரி எல்லாம் பேசி முடித்த பிறகு என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

என் வீட்டு ஹாலில் கடல் நீர் மீன் தொட்டி இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். போன மாதம் மட்டும் மூன்று வீட்டிலிருந்து ஒரே கேள்வி: "அங்கிள், எங்க வீட்லயும் நீமோ வாங்கலாமா? அது ஒளிஞ்சிக்கிற பூவும் வேணும்." அதற்கான பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில், அது பூ இல்லை. தமிழில் கடல் சாமந்தி என்கிறோம், கடைக்காரர்கள் அனிமோன் என்பார்கள். பவளத்துக்கு நெருங்கிய உறவுள்ள ஒரு விலங்கு அது. இதழ் போலத் தெரிவதெல்லாம் கைகள். அவற்றில் கொட்டும் செல்கள் இருக்கின்றன. நடுவில் வாய். பெரும்பாலும் நாம் வளர்க்க ஆசைப்படும் வகைகளின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்து அதற்கும் பங்கு கொடுக்கின்றன. அதனால்தான் சாதாரண டியூப் லைட் அதற்குப் போதாது.

இன்னொன்று, இந்த விலங்கு நடக்கும். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை அதிகம்.

ஆறு வருடத்துக்கு முன் நாலடித் தொட்டி வைத்தேன். மூன்றே மாதத்தில் ஒரு கடையில் அனிமோன் ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். "கூடவே பவளமும் மட்டியும் எடுத்துக்கோங்க சார், செட்டா அழகா இருக்கும்" என்றார்கள். பணம் இல்லாததால் அனிமோன் மட்டும் வாங்கினேன். அந்தப் பணமின்மைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். காரணம் பிறகு சொல்கிறேன். மூன்றாம் நாள் இரவு, வைத்த இடம் பிடிக்காமல் அது கண்ணாடி வழியாக ஊர்ந்து போய், அலை எழுப்பும் மோட்டாரில் சிக்கிக்கொண்டது. காலையில் தொட்டி முழுக்கப் பால் கலந்த மாதிரி இருந்தது. மீன் ஒன்றும் மிஞ்சவில்லை. கீழ் வீட்டு அம்மா சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்களிடம் இப்போதும் மன்னிப்புக் கேட்கிறேன்.

தவறு என்னுடையது. தொட்டி வைத்து ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் ஆன பிறகுதான் அனிமோன் வர வேண்டும். தொட்டி முழுமையாக நிலைபெற அவ்வளவு காலம் ஆகும். மோட்டாரின் வாயில் ஸ்பாஞ்ச் போட வேண்டும். கடையில் பார்க்கும்போது வாய் இறுக மூடி, கைகள் ஒட்டும் தன்மையோடு இருக்க வேண்டும். பளீர் வெள்ளையாக இருந்தால் பாசியை இழந்த நோயாளி என்று பொருள். பளீர் மஞ்சளோ நீலமோ இருந்தால், வெளுத்ததற்குச் சாயம் ஏற்றியிருக்கலாம்.

இப்போது பவளமும் மட்டியும். ஒரே தொட்டியில் மூன்றையும் வைத்தால், நடக்கிற அனிமோன் நகர முடியாத பவளத்தைக் கொட்டிக் கொன்றுவிடும். மட்டியின் மென்மையான சதை விளிம்பும் தப்பாது. இது வளர்ப்பு பற்றிய காரணம். சட்டக் காரணம் அதைவிடப் பெரியது.

பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. நம் கடல்களில் உள்ள இராட்சத மட்டி இனங்களும் அதே ஆண்டு சேர்க்கப்பட்டன. குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. "வெளிநாட்டு இறக்குமதி சார்" என்று சொன்னால் இறக்குமதி ஆவணத்தைக் கேளுங்கள். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2022-ஆம் ஆண்டுத் திருத்தம். காகிதம் இல்லை என்றால் வாங்காதீர்கள். இதற்காகத்தான் அன்றைய என் காலிப் பர்ஸுக்கு நன்றி சொன்னேன்.

இவ்வளவு கடுமை எதற்கு? மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. மிச்சமிருக்கும் பவளமும் 2010, 2016 கோடைகளின் வெப்பத்தில் வெளுத்தது. நம் ஹால் அழகுக்காக அங்கிருந்து ஒரு கல்லை எடுப்பது நியாயமா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

சரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? நல்ல செய்தி இருக்கிறது. கோமாளி மீனுக்கு அனிமோன் கட்டாயமில்லை. கடலில் எதிரியிடமிருந்து தப்ப அது தேவை. வீட்டுத் தொட்டியில் எதிரி யார்? மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கடையில் "பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். பண்ணை மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, தீனியும் எளிதில் எடுக்கும்.

அனிமோனே வேண்டும் என்றால், என் இப்போதைய அனிமோன் வந்த வழியைச் சொல்கிறேன். குமிழ் நுனி அனிமோன் என்ற வகை தானாக இரண்டாகப் பிரியும். சேலையூரில் ஒரு நண்பரின் தொட்டியில் அப்படிப் பிரிந்த ஒரு பாதியை வாங்கி வந்தேன். கடலிலிருந்து எதுவும் எடுக்கவில்லை. வாரம் இருமுறை சின்ன இறால் துண்டு தருகிறேன்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நான்கு விஷயம். ஒன்று, எடை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டும் 250 லிட்டருக்கு மேல். கல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 350 கிலோவைத் தாண்டும். பால்கனியில் வேண்டாம், பொறியாளரைக் கேட்டு, சுவரோரம் பீமுக்கு மேல் வையுங்கள். இரண்டு, தண்ணீர். நம் போர் தண்ணீர் ஆகாது. ஆர்.ஓ. நீரில் கடல் உப்பு கலக்க வேண்டும். மூன்று, வெயில். தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதத்தில் சில்லர் இல்லாமல் முடியாது, கரண்ட் பில் ஏறும். நான்கு, மாற்றிய உப்பு நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். கீழே தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு கொய்யா மரம் என்னால் வாடியது.

இன்னும் ஒன்று, மின்சாரம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் நினைவிருக்கிறதா? முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றன. நமக்கும் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும்தான், அதுதான் சரி. என் தொட்டியைக் காப்பாற்றியது பேட்டரியில் ஓடும் காற்று பம்ப். ஆனாலும் இரவு முழுக்கத் தூங்கவில்லை. நாலாவது மாடியில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பெரியவர்கள் இருக்கும்போது, நான் ஒரு கடல் சாமந்திக்காக பேட்டரி தேடி அலைந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வாரம்தான் என் ஆசையின் அளவு எனக்குப் புரிந்தது. இனித் தொட்டியைப் பெரிதாக்கப் போவதில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. ஸ்காட்லாந்தில் ஜான் டாலியல் என்பவர் 1828-இல் கடலோரத்தில் எடுத்த ஒரு அனிமோன், எடின்பரோவில் கண்ணாடி ஜாடியில் 1887 வரை வாழ்ந்தது. எடுத்தவர் இறந்த பிறகும் அது இருந்தது. 'பாட்டி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அனிமோன் வாங்க நினைக்கிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளை ப்ளஸ் டூ முடித்து வெளியூர் போன பிறகு, இதற்கு இறால் வெட்டிப் போடப் போவது யார்?

பதில் கிடைத்தால் வாங்குங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். கிடைக்காவிட்டால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். சாமந்திக்கு அப்போதுதான் சாப்பாட்டு நேரம்.